சுண்ணாம்பு ஆகாத சூரணம்

துப்பறிவாளர் லட்சுமிகாந்தத்தின் அலுவலகத்துக்குக் காலிங் பெல் கிடையாது. கீழே வத்தல் மண்டி. மூட்டை மூட்டையாக மிளகாய். மேலே ஏறுகிற எவரும் மூன்றாம் படியில் ஒருமுறையும் எட்டாம் படியில் ஒருமுறையும் தும்மியே ஆக வேண்டும். வருகிறவர் ஆணா பெண்ணா, அவசரமா நிதானமா என்று தும்மலை வைத்தே சொல்லிவிடுவாள் ஷாஹிதா. மண்டி அவள் அத்தாவுடையது. மாடியில் அவள் பார்ப்பது உதவியாளர் வேலை.

"தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவுல ரொம்ப நேரம் ஆகுது சார். முழங்கால் போன ஆளு," என்றாள் அந்தத் திங்கட்கிழமை காலையில்.

"இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை வேணுமாக்கும்? இந்த வருஷம் முழங்கால் போகாத ஆளு யாரு?" என்றார் லட்சுமிகாந்தம்.

அவர் சொன்னதும் சரிதான். இரண்டாயிரத்து ஆறு, செப்டம்பர் மாதம். சிக்குன்குனியா மாவட்டத்தையே மடக்கிப் போட்டிருந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விடும். மூட்டு வீக்கம் மட்டும் மாதக்கணக்கில் குடியிருக்கும்.

ஏறி வந்தவள் பெயர் ராமுத்தாய். நாரணாபுரம். நாற்பது வயதிருக்கும். முகம், பின்கழுத்து, இரண்டு முழங்கைக்குக் கீழே எல்லாம் செக்கச் செவேலென்று வெந்து தோல் உரிந்திருந்தது. ஷாஹிதா தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு ராமுத்தாய் சொன்னாள்:

"என்னையத் திருடின்னு சொல்லிட்டாகய்யா."

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. புஸ்வாணங்களை மேடையில் பரப்பி வெயிலில் காய வைப்பது அவள் பங்கு. போன சனிக்கிழமை போர்மேன் தனுஷ்கோடி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். 'கம்பெனியிலிருந்து வெடிக்கு வைக்கிற கருந்திரியை எடுத்துட்டுப் போய் வீட்டுல திருட்டு வெடி கட்டுற. கட்டும்போது பத்திக்கிட்டு மூஞ்சி வெந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?' என்று கேட்டுவிட்டு, ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை போவதோடு முடியும், இல்லையென்றால் போலீஸ் என்றார். கெடு இன்று மாலை ஐந்து மணி.

"வெடிமருந்துக் கேசுன்னா ஜாமீனே கிடையாதாம்லய்யா. எம் மக எழிலு பன்னெண்டாவது படிக்கா. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

லட்சுமிகாந்தம் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். சிவகாசி வட்டாரத்தில் எங்கே என்ன எரிந்தாலும் சாம்பலைக் கிளறப் போனவர்.

"வளையலைக் கொஞ்சம் மேல தள்ளுங்கம்மா."

தள்ளினாள். வளையல் கிடந்த இடத்தில் மட்டும் தோல் வட்டம் வட்டமாகப் பழைய நிறத்தில் இருந்தது.

"தலையை நிமிர்த்துங்க." தாடைக்கு அடியில் ஒரு கீறல்கூட இல்லை. "ஷாஹிதா, இவங்க புருவத்தைப் பாரு."

"நல்லாத்தான் இருக்கு சார். என்னோடதைவிட அடர்த்தி."

"அதுதான் விஷயம். வெடி கட்டும்போது பத்தினா நெருப்பு கீழயிருந்து மேல சீறும். மொதல்ல பொசுங்கறது புருவமும் கண்ணிமை முடியும். தாடைக்கு அடியில தோலு மிஞ்சாது. இவங்களுக்கு நெத்தி, மூக்கு, கன்னத்து மேடு, பின்கழுத்து, கைகளோட மேல்பக்கம் மட்டும் வெந்திருக்கு. இந்த நெருப்பு மேலயிருந்து வந்தது."

ஷாஹிதா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "சூரியன் மேல கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்னா அது எந்த ஸ்டேஷன் எல்லை சார்?"

ராமுத்தாய் சிரிக்கவில்லை. "பன்னெண்டு வருஷமா அதே வெயில்லதான்யா நிக்கேன். கத்திரியில கூட என்னைய இப்படிச் சுட்டதில்ல."

"வெயில் மாறலம்மா. நீங்க மாறியிருக்கீங்க. இப்போ கொஞ்ச நாளா புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மஞ்சள் காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். அச்சடித்த பொட்டலம். 'விஸ்வநத்தம் மாரிசாமி வைத்தியர், முடக்குச் சூரணம்' என்று கொட்டை எழுத்து.

"மூட்டு வலிக்கு. கம்பெனியில எல்லாரும் சாப்பிடுதோம். போர்மேன் அண்ணாச்சிதான் வைத்தியர்கிட்ட வாங்கியாந்து சனிக்கிழமை சனிக்கிழமை கொடுப்பாக. மறக்காம முழுங்கினியான்னு மறுநாளே கேப்பாக. அம்புட்டு அக்கறையா இருந்த மனுசன் என்னைய இப்படிச் சொல்லுவாருன்னு நெனைக்கல."

"வலி குறைஞ்சுதா?"

"அதெப்படிப் பொய் சொல்ல. பத்து நாள்ல வீக்கம் வத்திருச்சு."

ஷாஹிதா பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தாள். "காலை, மாலை ஒரு சிட்டிகை. ஒரு செம்புத் தண்ணீருடன் விழுங்கவும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. பால், தயிர், மோர் ஆகாது. சத்து மாத்திரை ஆகாது. வெற்றிலை போடலாம், சுண்ணாம்பு ஆகாது."

"கருவாடு?"

"அதைப் பத்தி ஒன்னும் இல்ல சார்."

"கத்திரிக்காய்? புளி? நல்லெண்ணெய்?"

"தாராளமாச் சாப்பிடலாம் போல. இவர் பத்தியம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"கருவாட்டையும் கத்திரிக்காயையும் விட்டுட்டு, சுண்ணாம்பைப் போயி தடுக்கிற நாட்டு வைத்தியரை நீ எங்கயாவது பாத்திருக்கியா?" லட்சுமிகாந்தம் போனை இழுத்து ஸ்பீக்கரில் போட்டு சிவகாசிக்கு அழைத்தார். அங்கே டாக்டர் சொர்ணலட்சுமி. சர்வேயர் காலத்திலிருந்து பழக்கம். எரிந்தவர்களை அந்தம்மா பார்ப்பார், எரிந்ததை இவர் பார்ப்பார்.

ராமுத்தாயின் வீக்கமும் தோலும் ஆன கதையையும் பத்தியம் முழுவதையும் கேட்டுவிட்டு, டாக்டர் பத்தியத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஸ்பீக்கரில் குரல் வந்தது. "பால், இரும்புச் சத்து, சுண்ணாம்பு. மூணும் ஒடம்புல மருந்தை ஏறவிடாமப் பிடிச்சு வச்சுக்கிடும். முழுங்கிட்டுப் படுத்தா தொண்டைக் குழாய் புண்ணாகும். வெயில் பட்டா தோல் வேகும். லட்சுமிகாந்தம், நீங்க படிச்சது சூரணத்துப் பத்தியம் இல்ல. டாக்சிசைக்ளின் டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பானே ஒரு தாளு, அது. யாரோ தமிழ்ல எழுதியிருக்காங்க."

"டாக்சிசைக்ளின்னா ஆன்டிபயாடிக் ஆச்சே டாக்டர்," என்று ஷாஹிதா குறுக்கிட்டாள். "அது பாக்டீரியாவைத்தானே அடிக்கும்? சிக்குன்குனியா வைரஸ். ஆளு மாறி அடிச்சும் எப்படி வீக்கம் வத்துச்சு?"

"நல்ல கேள்வி. காய்ச்சல் விட்ட பெறகு முழங்காலை வீங்க வைக்கிறது பெரும்பாலும் வைரஸ் இல்ல, நம்ம சொந்த வெள்ளை அணுக்கள். திருடன் ஓடிப் போன பெறகும் தெருவுல நின்னு கல்லெறியற கூட்டம் மாதிரி. ஒவ்வொரு அணுவும் வீக்கத்தைக் கிளப்புற சரக்கைக் கக்கி, இன்னும் நாலு அணுவைக் கூப்பிடும். சில ஆன்டிபயாடிக்குக்கு ரெண்டாவதா ஒரு வேலை உண்டு. கிருமிக்கு ஒறைக்காத சின்ன அளவுலயே அது இந்த அணுக்கள் கக்குறதைக் குறைச்சிரும். மனுஷ ரத்தத்துலேர்ந்து அணுக்களைப் பிரிச்செடுத்து ஆராய்ச்சிச் சாலையில பாத்திருக்காங்க. பல் டாக்டர்கள் ஈறு வீக்கத்துக்கு இதே மருந்தைக் கொஞ்சூண்டு அளவுல கொடுக்கறதும் அதனாலதான்."

"அப்ப நல்ல மருந்துதானம்மா?" என்றாள் ராமுத்தாய்.

"எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே மாதிரி இல்லம்மா. சிலது அந்தக் கூட்டத்தை அமத்தும். சிலது இன்னும் கிளப்பிவிடும். அமத்துறதையும் ஆளைப் பாத்து, அளவு பாத்துத்தான் செய்யணும். இப்படி ஊருக்கே வாரி இறைச்சா, நாளைக்கு நெசமான கிருமி வரும்போது இந்த மருந்துக்கு அது அசையாது. அதுவும் போக, ஒங்க வீக்கம் மருந்தால வத்துச்சா தானா வத்துச்சான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒன்னு மட்டும் சொல்லுங்க. இதைச் சாப்பிடற பொம்பளையாட்கள்ல யாராவது மாசமா இருக்காங்களா?"

ராமுத்தாயின் கை பொட்டலத்தின் மேல் நின்றது. "வள்ளித்தாயி. அஞ்சு மாசம்."

"இன்னிக்கே நிறுத்துங்க. வயித்துல இருக்கிற பிள்ளையோட பல்லுலயும் எலும்புலயும் போய் இந்த மருந்து படியும். ஒடனே அவளை இங்க கூட்டியாங்க."

போன் வைக்கப்பட்டது. கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. ஐந்து மணிக்குள் ஒருத்தியைக் காப்பாற்றினால் போதும் என்று இருந்த வேலை இப்போது இரண்டாகிவிட்டது.

"டாக்டர் சொன்னா எனக்குப் போதும். போலீசுக்குப் போதாது," என்றார் லட்சுமிகாந்தம். "ஒங்க அத்தா கள்ள நோட்டுப் பாக்க ஒரு ஊதா லைட் வச்சிருப்பாருல்ல?"

ஷாஹிதா கீழே ஓடிப்போய்க் கையடக்கமான பேட்டரி விளக்கோடு வந்தாள். ஜன்னலைச் சாத்தினார்கள். சூரணத்தைத் தாளில் பரப்பி விளக்கை அதன்மேல் பிடித்ததும் பழுப்புப் பொடிக்குள்ளிருந்து புள்ளி புள்ளியாய் மஞ்சள் ஒளி எழுந்தது.

"மஞ்சத்தூளும் இதே மாதிரி மினுங்கும் சார். கலப்பட மல்லிப்பொடியில அத்தா இப்படித்தான் கண்டுபிடிப்பார்."

"மஞ்சத்தூள்னா பொடி பூராவும் ஒரே பூச்சா மினுங்கும். இது தனித்தனியா நிக்குது. எதையோ பொடிச்சுப் பெறகு கலந்திருக்காங்க. வண்டியை எடு. வைத்தியரைப் பாத்துட்டு வருவோம்."

மண்டியின் ஆம்னி வேன்தான் அவர்களுடைய துப்பறியும் வாகனம். நேற்று ஏற்றிய மிளகாயின் நெடி உள்ளேயே இருந்தது. மூவரும் சிவகாசி வரை தும்மிக்கொண்டே போனார்கள்.

விஸ்வநத்தத்தில் மாரிசாமி வைத்தியர் வீட்டு முன்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். போகிற வழியிலேயே திட்டம் போட்டாயிற்று. லட்சுமிகாந்தமும் ராமுத்தாயும் வேனிலேயே இருப்பது, ஷாஹிதா நோயாளியாக உள்ளே போவது. அவள் நொண்டி நொண்டிப் போய் வைத்தியர் முன்னால் உட்கார்ந்தாள்.

மாரிசாமி ஒல்லியான மனிதர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "வாசல்ல வரும்போது வலது கால் நொண்டுச்சு. உள்ள வந்து உக்காரும்போது இடது கால் நொண்டுச்சு. எந்தக் காலுக்கு மருந்து வேணும் தாயி?"

"ரெண்டுக்கும் கொடுங்க வைத்தியரே. மாத்தி மாத்தி வலிக்கும்," என்றாள் ஷாஹிதா கூசாமல்.

அவர் பக்கத்து ஜாடியிலிருந்து பொடியை எடுத்து வெற்றிலையில் வைத்து மடித்தார். "ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு, பசும்பால் ஒரு டம்ளர்ல நல்லாக் கலக்கிக் குடி. கருவாடு, கத்திரிக்காய், புளி மூணையும் தொடக் கூடாது."

ஷாஹிதா நொண்டுவதை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். "பால்லயா?"

"பின்ன சாராயத்துலயா? பால் இல்லாம இது தொண்டைய விட்டே எறங்காது."

அவள் மஞ்சள் பொட்டலத்தை நீட்டினாள். மாரிசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"பேரு என்னோடது. பத்தியம் என்னோடது இல்ல," என்றார்.

லட்சுமிகாந்தம் உள்ளே வரவழைக்கப்பட்டார். ஜாடிப் பொடியைத் துண்டுக்கு அடியில் மறைத்து விளக்கைப் பிடித்தார்கள். ஒரு புள்ளி ஒளி இல்லை. சுக்கும் திப்பிலியும் மிளகும் தவிர அதில் எதுவும் இல்லை என்று வைத்தியர் சொன்னது சத்தியம்.

"நீங்க பொட்டலம் போடறதில்லையா?"

"எனக்கெதுக்கு? வெத்தலையில மடிச்சுக் கொடுப்பேன். கம்பெனிக்கு வேணும்னா பையில அளந்து போடுவேன். வாரா வாரம் தனுஷ்கோடி வந்து வாங்கிட்டுப் போவாரு." சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் புரிந்துவிட்டது. வாசலில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தார். "நாப்பது வருசமா வைத்தியம் பாக்கேன். இந்த ஒரு மாசமாத்தான் ஜனம் என்னையத் தேடி வருது. மாரிசாமி மருந்து கேக்குதுன்னு ஊரே சொல்லுது. நானும் நம்பிட்டேன்."

ஷாஹிதா மஞ்சள் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். லட்சுமிகாந்தம் கேட்டார், "எங்க கூட நாரணாபுரம் வரைக்கும் வர்றீங்களா?"

"வாரேன். மொதல்ல இவுகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துட்டு வாரேன். நெசமான மருந்து."

கடைசி ஆள் போகும்போது மணி மூன்றே முக்கால். வேன் கிளம்பியதும் லட்சுமிகாந்தம் பின்சீட்டுக்குத் திரும்பினார்.

"ராமுத்தாய், ஒன்னு கேக்க விட்டுப்போச்சு. மேடையில வேலை செய்யற மத்தவங்களுக்கும் வெயில் சுடுதா?"

"லேசா சுடுதுன்னுதான் சொல்லுதாக. அவுக துண்டு கட்டிக்கிட்டு நிப்பாக. எனக்குத்தான் தலையில எது கட்டினாலும் மூச்சு முட்டும்."

"இந்தச் சூரணம் சாப்பிட்ட பெறகுதான் சுடுதுன்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சே. வெள்ளிக்கிழமை போர்மேன் அண்ணாச்சிகிட்டயே சொன்னேன். 'இந்தப் பொடி வந்த பெறகுதான் வெயிலு ஊசி மாதிரி குத்துது, மத்தவுகளையும் நிறுத்தச் சொல்லப் போறேன்'னு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒன்னும் சொல்லல." ராமுத்தாய் விரலில் நாளை எண்ணிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "சனிக்கிழமை என்னையத் திருடின்னு சொன்னாரு."

வேனுக்குள் வைத்தியரின் தும்மல் மட்டும் கேட்டது.

"வழியில பால் பண்ணை ஒன்னு இருக்கும்ல ஷாஹிதா?" என்றார் லட்சுமிகாந்தம்.

"இருக்கு சார். தாகமா?"

"தூண்டில்ல மாட்ட ஏதாவது வேணும்ல."

கம்பெனி வாசலில் டெல்லிக்குப் போகும் லாரி ஒன்று லோடுக்காக நின்றிருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்தது. காவலாளி எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். வேன் வெளியே நின்றது. மாரிசாமி பால் கேனோடு அலுவலக ஜன்னலை ஒட்டிய வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்துகொண்டார்.

முதலாளி முனியராஜ் லட்சுமிகாந்தத்தைச் சர்வேயராக அறிந்தவர். எழுந்து கும்பிட்டார். "என்ன சார் இந்தப் பக்கம்? எங்க கம்பெனியில எதுவும் எரியலையே."

"ஒரு ஆளு எரிஞ்சிருக்காங்க," என்று ராமுத்தாய்க்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

தனுஷ்கோடியை அழைத்து வர ஆள் போனது. காயப்போடும் மேடைப் பக்கமிருந்து அவர் நடந்து வந்தார். ஐம்பது வயது, திடமான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி. கையில் ரோஜாப்பூ போட்ட பெண்கள் குடை.

"அண்ணாச்சிக்குப் பொருத்தமா இருக்கு," என்றாள் ஷாஹிதா சன்னமாக.

"வெயில் ஜாஸ்தி," என்று மட்டும் சொல்லிக் குடையை மடக்கி மூலையில் வைத்தார் தனுஷ்கோடி. மேசையில் எழுதித் தயாராக இருந்த தாளை ராமுத்தாய் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போட வந்தியா?"

"அது இருக்கட்டும்," என்றார் லட்சுமிகாந்தம். "நான் வேற வேலையா வந்தேன். விஸ்வநத்தம் மாரிசாமி வைத்தியர் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கார். சூரணம் சாப்பிடற எல்லாரும் இன்னிலேருந்து அதோட ஒரு டம்ளர் பால் குடிக்கணுமாம். அப்பத்தான் முழுசா ஏறுமாம். பத்து லிட்டர் கையோட கொண்டு வந்திருக்கோம். சாயங்கால வேளைக்கு ஊத்திக் கொடுத்துரலாமா முதலாளி?"

"தாராளமாக் கொடுங்க. ஆளு நல்லா இருந்தாத்தானே லோடு போகும்," என்றார் முனியராஜ்.

"வேண்டாம்," என்றார் தனுஷ்கோடி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பாலோட சேந்தா அந்த மருந்து ஒடம்புல ஏறாது. கொடுத்ததெல்லாம் வீணாப் போகும்."

"யாரு சொன்னா?"

"வைத்தியர்தான். பொட்டலத்துல அச்சடிச்சிருக்கே."

கதவு திறந்தது. மாரிசாமி ஒரு டம்ளர் பாலோடு நின்றார். "நான் எப்ப தனுஷ்கோடி சொன்னேன்? என் மருந்து பால்லதான் கரையும். ஒன் மருந்துக்குத்தான் பால் ஆகாது போல."

தனுஷ்கோடி மூலையில் இருந்த குடைப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார். லட்சுமிகாந்தம் சுருக்கமாகச் சொன்னார். பத்தியத்தின் மூலம் எது, பொடிக்குள் மினுங்கியது எது, வெயில் ஏன் சுட்டது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முனியராஜ் இருமுறை எழுந்து உட்கார்ந்தார்.

"கெட்டது நெனைச்சுச் செய்யல முதலாளி," என்று தனுஷ்கோடி கடைசியில் பேசினார். "எனக்கு ஈறு வீங்கிச்சு. பல் டாக்டர் இந்த மருந்தைச் சின்ன அளவுல தந்தாரு. அப்ப எனக்கும் சிக்குன்குனியா. பத்து நாள்ல முழங்காலும் சேந்து வத்திருச்சு. அதே சீக்கு வந்து மருந்து சாப்பிடாத வீட்டுக்காரிக்கு வத்தல. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆகஸ்ட்ல பாதிப் பேரு வேலைக்கு வரல. மாத்திரையா நீட்டினா, இந்தச் சீக்குக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதும்பாக. வைத்தியர் பொடின்னா முழுங்குவாக. மச்சினன் மருந்து மொத்தக் கடையில இருக்கான். வாங்கிப் பொடிச்சுக் கலந்தேன். எல்லாரும் எந்திரிச்சு வந்தாகளா இல்லையா? நானும் அதேதான் சாப்பிடுதேன்."

"குடையைப் பாத்தாலே தெரியுது," என்றாள் ஷாஹிதா.

அதுவரை பேசாமல் நின்ற ராமுத்தாய் ஒரு அடி முன்னால் வந்தாள். "வெயிலு ஏன் சுடுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தனுஷ்கோடி ஆமென்று தலையை அசைத்தார்.

"தெரிஞ்சுதான் நீங்க குடை எடுத்தீக. வெயில்ல பாத்து நில்லுங்கன்னு எங்க பதினெட்டு பேர்ல ஒருத்திக்குச் சொன்னீகளா?"

"சொன்னா ஏன்னு கேப்பீக. நீ நிறுத்தச் சொல்லப் போறேன்னு சொன்னதும் பயந்துட்டேன். எல்லாரும் நிறுத்திட்டா சீசன் போயிரும்."

"வள்ளித்தாயி அஞ்சு மாசம்."

அவர் நிமிர்ந்தார். "யாரு? நம்ம வள்ளித்தாயா? எனக்குத் தெரியாதே. யாருமே சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவோம்? சொன்ன அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திருவீகல்ல."

முனியராஜ் மேசையைப் பார்த்தார். மாரிசாமி கையிலிருந்த பாலைக் கீழே வைத்தார்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தான் எழுதப் போவதாக லட்சுமிகாந்தம் சொன்னார். முனியராஜ் தடுக்கவில்லை. ராமுத்தாய்க்கு எதிராக எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். "ஒனக்கு என்ன வேணும் சொல்லு ராமுத்தாயி."

"அவரு எழுதித் தரட்டும்."

தனுஷ்கோடி உட்கார்ந்து எழுதினார். ராமுத்தாய் எட்டாவது வரை படித்தவள். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"'ராமுத்தாய் மீது தவறுதலாகத் திருட்டுப் பழி சுமத்திவிட்டேன்'னு போட்டிருக்கீக. 'தவறுதலாக'வை அடிச்சுருங்க அண்ணாச்சி."

"அடிச்சுட்டு?"

"'தெரிந்தே'ன்னு எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அடித்தார், எழுதினார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வந்துரு," என்றார் முனியராஜ்.

"நாளைக்கு யாரும் வரமாட்டோம் முதலாளி. டாக்டரம்மா எல்லாரையும் பாக்கட்டும். யாரு வரலாம், யாரு இருக்கணும்னு அவுக சொல்லட்டும். வள்ளித்தாயி பிள்ளை பெத்துச் சொகமாகுற மட்டும் அவ வேலை அங்கனயே இருக்கணும். இப்ப கம்பெனி வேனைத் தாங்க."

முனியராஜ் வாசலில் நின்ற டெல்லி லாரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து வேன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

ராமுத்தாய் மேடைப் பக்கம் போய்ப் பேசினாள். என்ன சொன்னாள் என்று அலுவலகத்துக்குக் கேட்கவில்லை. பெண்கள் கைத்தூசியைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். வள்ளித்தாய் வயிற்றில் கை வைத்தபடி முதலில் வந்தாள். அவளைப் பிடித்து ஏற்றிவிட்டது தனுஷ்கோடி. அவள் அவரைப் பார்க்கவில்லை, கையை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

லாரி டிரைவர் காலையிலிருந்து காத்திருந்த சலிப்போடு ஷாஹிதாவிடம் வந்தார். "ஏம்மா, லோடு எப்பத்தான் ஏறும்?"

ஷாஹிதா வேனைக் காட்டினாள். பதினேழாவது பெண் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டுத்தானே இருக்கு அண்ணாச்சி. இன்னும் ஒன்னுதான் பாக்கி."

ராமுத்தாய் கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினாள்.